கேட்டது ஒன்று, இறங்கியது ஐம்பது: லினக்ஸில் வேண்டாத பேக்கேஜ்களை வாசலிலேயே நிறுத்துவது

ஒரு சின்ன மென்பொருளைக் கேட்டால் கூடவே ஐம்பது பேக்கேஜ் இறங்குகிறது. டவுனில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சித்தேரி மலையிலோ அஞ்செட்டிப் பக்கமோ கைபேசி ஹாட்ஸ்பாட்டில், நாளுக்கு ஒன்றரை ஜிபி என்று கணக்குப் பார்த்து ஓட்டுபவருக்கு அன்றைய டேட்டாவே அதில் போய்விடும். தருமபுரி புளி மண்டியில் பில் போடும் பழைய கணினி, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலில் எடை மேடைக்கு இணைத்த 32 ஜிபி மினி பிசி மாதிரியான இடங்களில் டேட்டாவைவிட இடம்தான் பிரச்சனை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஆனால் எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் கொடுத்தால் அது வேலை செய்யாது.

கட்டளைகளைத் தமிழில் ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஹைஃபன், சாய்கோடு, புள்ளி, எண் எல்லாம் காட்டியபடியே இருக்கட்டும். ரெக்கமண்ட்ஸ் என்ற சொல்லில் ‘சி’ ஒன்று, ‘எம்’ இரண்டு. பாதிப் பேர் அங்கேதான் சறுக்குகிறார்கள். பெரும்பகுதி டெபியன் குடும்பத்துக்கு, அதாவது டெபியன், உபுண்டு, மின்ட், பாஸ் லினக்ஸுக்குப் பொருந்தும். ஃபெடோரா வகையறா கடைசியில்.

பூட்டுவதற்கு முன்: யார் கூப்பிட்டது?

டெபியனில் ஒரு பேக்கேஜ் இன்னொன்றைக் கூப்பிடும் உரிமை மூன்று படியாக இருக்கிறது. டிபெண்ட்ஸ் என்பது தாலி மாதிரி. அது இல்லாமல் கல்யாணம் இல்லை. ரெக்கமண்ட்ஸ் நாதஸ்வரம், இல்லாமலும் நடக்கும், ஆனால் சாதாரண வீட்டில் யாரும் விடமாட்டார்கள். சஜஸ்ட்ஸ் பட்டாசு. மென்பொருள் நிறுவும் ஆப்ட் கருவி முதல் இரண்டையும் தானாகவே இறக்கும், மூன்றாவதை இறக்காது. உபுண்டுவில் 2008-இல் வந்த 8.10 பதிப்பிலிருந்தும், டெபியனில் 2009-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தும் இதுதான் இயல்பு நிலை. இவை தவிர, ‘உபுண்டு-டெஸ்க்டாப்’ போல உள்ளே ஒன்றுமே இல்லாமல் மற்றவற்றை இழுத்து வருவதற்கென்றே இருக்கும் மெட்டாபேக்கேஜ்கள் தனி.

எந்தப் படி என்று தெரிந்துகொள்ள நான்கு வழி உண்டு. இறக்குவதற்கு முன் ஒத்திகை பார்க்கலாம். இதற்கு சூடோகூட (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் முன்சொல்) தேவையில்லை:

ஆப்ட் -எஸ் இன்ஸ்டால் பைதான்3-பிப்

ஏற்கெனவே இறங்கிவிட்டதென்றால் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பைத் திறங்கள். எந்த நாளில் எந்தக் கட்டளை ஓடியது, அதில் எவை இறங்கின என்று இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால் அதை நீங்கள் கேட்கவில்லை, வேறொன்று இழுத்து வந்திருக்கிறது. எது இழுத்தது என்பதற்கு (எக்ஸிம் என்ற மெயில் சர்வரை வைத்துப் பார்ப்போம்):

ஆப்ட் ஆர்டிபெண்ட்ஸ் --இன்ஸ்டால்ட் எக்ஸிம்4-பேஸ்

ஒவ்வொரு வரியிலும் டிபெண்ட்ஸா ரெக்கமண்ட்ஸா என்று முன்னால் போட்டிருக்கும். ‘ஆப்ட்-கேஷ் ஆர்டிபெண்ட்ஸ்’ என்று பழைய கட்டளையை அடித்தால் அந்தக் குறிப்பு வராது, வெறும் பெயர்ப் பட்டியல்தான். முழுச் சங்கிலியும் வேண்டுமென்றால் ஆப்டைப் போன்ற ஆப்டிடியூட் கருவியை நிறுவி, ‘ஆப்டிடியூட் ஒய் எக்ஸிம்4-பேஸ்’ என்று கேளுங்கள். ஆப்டிடியூடையே ரெக்கமண்ட்ஸ் இல்லாமல் நிறுவுங்கள். பாம்பைப் பிடிக்கக் கீரியைக் கொண்டுவந்து, அது கோழியைத் தின்ற கதையாகிவிடக் கூடாது.

அறிகுறி: சின்ன பேக்கேஜுக்கு நூற்றுக்கணக்கான எம்பி கேட்கிறது

இதற்குச் சரியான உதாரணம் பைதான்3-பிப். பைதான் நூலகங்களை இறக்கும் பிப் என்னவோ சின்னதுதான். ஆனால் அது பில்ட்-எசென்ஷியலையும் பைதான்3-டெவ்வையும் ரெக்கமண்ட் செய்கிறது. பில்ட்-எசென்ஷியல் வந்தால் ஜிசிசி, ஜி++, மேக், தலைப்புக் கோப்புகள் என்று ஒரு பட்டறையே வந்து உட்கார்ந்துகொள்ளும். சி மொழியில் எழுதிய நீட்சிகளைத் தொகுக்கத் தேவைப்படுமே என்று சேர்த்திருக்கிறார்கள். வெறும் பைதான் நூலகத்தை இறக்கிப் பயன்படுத்தும் எடை மேடைக் கணினிக்கு அது வேண்டாம்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --நோ-இன்ஸ்டால்-ரெக்கமண்ட்ஸ் பைதான்3-பிப்

ரெக்கமண்ட்ஸில் ஒன்றை மட்டும் விலக்கி மற்றவை வரட்டும் என்றால், வேண்டாத பெயரின் கடைசியில் ஒரு ஹைஃபன் ஒட்டினால் போதும்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைதான்3-பிப் பில்ட்-எசென்ஷியல்-

அந்தக் கடைசி ஹைஃபனை எழுத்துப்பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ‘இதைத் தொடாதே, இருந்தால் எடு’ என்று பொருள். ‘இருந்தால் எடு’ என்பதைக் கவனியுங்கள்: ஏற்கெனவே நிறுவியிருந்தால் கழற்றிவிடும். ஆப்ட் ஒய்/என் கேட்கும்போது நீக்கப்படுபவை என்ற பட்டியலைப் படித்துவிட்டு ‘ஒய்’ அடியுங்கள். ஸ்கிரிப்டில் -ஒய் போட்டு ஓட்டுபவர்களுக்கு இந்தப் பட்டியல் கண்ணில் படுவதே இல்லை. வேண்டாதது நுழையும் பெரிய ஓட்டை அதுதான்.

அறிகுறி: ‘சஜஸ்டட் பேக்கேஜஸ்’ என்று நீளமாக ஒரு பட்டியல்

பயப்பட வேண்டாம். அது அறிவிப்பு மட்டுமே, இறங்காது. இறங்குவது ‘கூடுதலாக நிறுவப்படும்’ என்ற தலைப்பின் கீழ் உள்ளவைதான். சஜஸ்ட்ஸும் நிஜமாகவே இறங்கினால் யாரோ ஆப்ட்::இன்ஸ்டால்-சஜஸ்ட்ஸ் அமைப்பை ‘ட்ரூ’ ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

அறிகுறி: அமைப்புக் கோப்பு எழுதியாயிற்று, ஆனாலும் வருகிறது

ஒவ்வொரு முறையும் நீளமாக அடிக்காமல் நிரந்தரமாக நிறுத்த, /இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி/ அடைவில் 99நோரெக்கமண்ட்ஸ் என்ற கோப்பில் இரண்டு வரி போதும்:

ஆப்ட்::இன்ஸ்டால்-ரெக்கமண்ட்ஸ் "ஃபால்ஸ்";
ஆப்ட்::இன்ஸ்டால்-சஜஸ்ட்ஸ் "ஃபால்ஸ்";

இவற்றில் ஆப்ட் என்பதை மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் அடிப்பது வழக்கம். எழுதிய பிறகும் பலன் இல்லையென்றால் முதலில் இதைக் கேளுங்கள்:

ஆப்ட்-கான்ஃபிக் டம்ப் | கிரெப் -ஐ ரெக்கமண்ட்ஸ்

இன்ஸ்டால்-ரெக்கமண்ட்ஸ் வரியில் இன்னும் 1 அல்லது ‘ட்ரூ’ என்றிருந்தால் உங்கள் வரி எடுபடவில்லை. ஏன் என்பதற்குக் காரணங்கள் கைவிரலுக்குள் அடங்கும்.

கோப்பின் பெயரில் .டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கலாம். அந்த அடைவில் நீட்டிப்பே இல்லாத பெயர் அல்லது .கான்ஃப் என்று முடியும் பெயர், இரண்டை மட்டுமே ஆப்ட் படிக்கும். வேறு நீட்டிப்பைப் புறக்கணிக்கும். ஒரு சின்னக் குறிப்பு வரும், அதை யாரும் படிப்பதில்லை.

சொல்லில் எழுத்துப்பிழை இருக்கலாம். இதுதான் மோசமானது. தெரியாத பெயரை ஆப்ட் பிழை என்று சொல்லாது. ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். கிரெப் இல்லாத முழு டம்ப் பட்டியலில் உங்கள் பிழையான சொல்லும் சரியான சொல்லும் இரண்டு வரியாகத் தெரிந்தால் இதுதான் கதை.

மேற்கோள் குறி வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டியதாக இருக்கலாம். அங்கே அது வளைந்த குறியாக மாறியிருக்கும், நேர்க்குறிதான் வேண்டும். வரிக் கடைசி அரைப்புள்ளி விட்டுப்போனால் மட்டும் நல்லவேளையாக ஆப்ட் உடனே கத்தும்.

இன்னொரு கோப்பு மேலெழுதியிருக்கலாம். அகரவரிசைப்படி படிக்கிறது, பின்னால் வருவது முன்னதை வெல்லும். அதனால்தான் பெயரில் 99.

சினாப்டிக் என்ற வரைகலைக் கருவி வழியாக நிறுவுபவர்கள் அதன் விருப்பத்தேர்வுகளில் ‘பரிந்துரைக்கப்பட்டவற்றையும் சார்பாகக் கருது’ என்ற பெட்டியையும் பார்க்க வேண்டும். அதற்குத் தனி டிக் உண்டு.

அறிகுறி: ரெக்கமண்ட்ஸை நிறுத்தியும் அப்பாச்சி வருகிறது

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைத்திருக்கும் கணினியில் பிஎச்பி கேட்டால் இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சி வந்து 80-ஆம் போர்ட்டுக்குச் சண்டை போடும். இது ரெக்கமண்ட்ஸ் வழியாக வரவில்லை. பிஎச்பி பேக்கேஜின் டிபெண்ட்ஸிலேயே ‘அப்பாச்சி மாட்யூல், அல்லது எஃப்பிஎம், அல்லது சிஜிஐ’ என்று எழுதியிருக்கிறது. இப்படி ‘அல்லது’ போட்ட இடத்தில், எதுவும் ஏற்கெனவே இல்லையென்றால் ஆப்ட் முதலில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். இங்கே முதலில் இருப்பது அப்பாச்சி மாட்யூல். ஆகவே நமக்கு வேண்டியதை முன்கூட்டியே உட்கார வைத்துவிட வேண்டும்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிஎச்பி-எஃப்பிஎம்

அதன் பிறகு பிஎச்பி கேட்டால் சார்பு நிறைவேறிவிட்டது, அப்பாச்சி வராது. வெறும் கட்டளை வரி ஸ்கிரிப்டுகளுக்கு பிஎச்பி-சிஎல்ஐ போதும், பிஎச்பி மெட்டாபேக்கேஜே வேண்டாம். ‘ஆப்ட் ஷோ’ அடித்து டிபெண்ட்ஸ் வரியில் செங்குத்துக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாகட்டும். அந்தக் கோடுதான் ‘அல்லது’.

அறிகுறி: நடுவில் நீலத் திரை வந்து மெயில் சர்வர் அமைக்கச் சொல்கிறது

இரண்டு டிஸ்க்கை ரெய்டில் (ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும்படி) சேர்க்க எம்டிஏடிஎம் நிறுவப் போனால் உபுண்டுவில் போஸ்ட்ஃபிக்ஸ், டெபியனில் எக்ஸிம் என்று மெயில் சர்வர் வரும். எம்டிஏடிஎம் ஒரு மெயில் அனுப்பும் பேக்கேஜை ரெக்கமண்ட் செய்கிறது. டிஸ்க் பழுதானால் மெயிலில் எச்சரிக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான்.

இங்கே கண்ணை மூடிக்கொண்டு தடுப்பதை நாங்கள் சொல்லமாட்டோம். மெயில் வழியே இல்லாத ரெய்டில் ஒரு டிஸ்க் போனது இரண்டாவது டிஸ்க்கும் போகும்போதுதான் தெரியவரும். எம்எஸ்எம்டிபி-எம்டிஏ என்ற சின்ன பேக்கேஜை முதலில் நிறுவினால் மெயில் அனுப்பும் இடம் நிரம்பிவிடும், பெரிய சர்வர் வராது; உங்கள் மெயில் கணக்கு வழியாக எச்சரிக்கையையும் அனுப்பலாம். வெறுமனே போஸ்ட்ஃபிக்ஸை மட்டும் தடுத்தால் அதே வேலை செய்யும் வேறொன்றை ஆப்ட் தேடிப் பிடித்துவரக்கூடும். தலையைத் தட்டினால் வால் எழும்புகிற கேஸ்.

அறிகுறி: நீக்கிய பேக்கேஜ் அப்கிரேடில் திரும்பி வருகிறது

நீக்கிய ஒரு ரெக்கமண்டட் பேக்கேஜ் சாதாரண அப்கிரேடில் திரும்பி வராது. ஆனால் ஒரு பேக்கேஜின் புதிய பதிப்பு புதிதாக ஒன்றை ரெக்கமண்ட் செய்தால் அது வரும். உபுண்டு பதிப்பு மாற்றும்போது டெஸ்க்டாப் மெட்டாபேக்கேஜோடு பழையவையும் திரும்பலாம். ஒரு குறிப்பிட்ட பேக்கேஜ் எக்காரணம் கொண்டும் நுழையக் கூடாது என்றால் ‘பின்’ (முன்னுரிமை விதி) போட வேண்டும். ஸ்னாப் என்ற தனி வகைச் செயலிகளை இயக்கும் ஸ்னாப்டியை வைத்துப் பார்க்கலாம். /இடிசி/ஆப்ட்/ப்ரெஃபரன்ஸஸ்.டி/நோஸ்னாப்.ப்ரெஃப் கோப்பில்:

பேக்கேஜ்: ஸ்னாப்டி
பின்: ரிலீஸ் ஏ=*
பின்-பிரயாரிட்டி: -10

முன்னுரிமை எண் சுழியத்துக்குக் கீழே போனால் அந்த பேக்கேஜ் நிறுவப்படவே கூடாது என்று பொருள். லினக்ஸ் மின்ட் 2020-இல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பைத் தடுப்பது இதே முறையில்தான். இந்த அடைவிலும் நீட்டிப்பு இல்லாத பெயர் அல்லது .ப்ரெஃப் மட்டுமே செல்லும். சரிபார்க்க ‘ஆப்ட்-கேஷ் பாலிசி ஸ்னாப்டி’. கேண்டிடேட் என்ற இடத்தில் ‘நன்’ என்று வர வேண்டும்.

பின் போடுவது வாசலை அடைக்கும், உள்ளே இருப்பதை வெளியேற்றாது. ஏற்கெனவே இருந்தால் ‘ஸ்னாப் லிஸ்ட்’ பார்த்து, உள்ளே உள்ள செயலிகளின் தரவை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பர்ஜ் (அமைப்புக் கோப்புகளோடு நீக்கம்) செய்யுங்கள். பர்ஜில் அந்தத் தரவும் சேர்ந்து போய்விடலாம்.

இதன் அடுத்த அறிகுறி உடனே வரும்: உபுண்டு 22.04-லும் அதற்குப் பிந்தியவற்றிலும் ‘ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ்’ சார்பு நிறைவேறவில்லை என்று நின்றுவிடும். காரணம், உபுண்டு களஞ்சியத்தில் அந்தப் பெயரில் இருப்பது உலாவியே அல்ல. ஸ்னாப்பைக் கூப்பிடும் ஒரு வெற்று உறை. மோசில்லாவின் சொந்த ஆப்ட் களஞ்சியத்தைச் சேர்த்து, அந்த மூலத்துக்கு 1000 என்று முன்னுரிமை கொடுங்கள். 500 போதாது. உபுண்டு உறையின் பதிப்பு எண்ணுக்கு முன்னால் ‘1:’ என்று ஒரு எண் ஒட்டியிருப்பதால் நிஜ ஃபயர்ஃபாக்ஸ் அதைவிடப் பழையதாக ஆப்டின் கண்ணுக்குத் தெரியும். 1000 கொடுத்தால்தான் ‘பழையதானாலும் இதையே எடு’ என்று ஒப்புக்கொள்ளும்.

அறிகுறி: ஆட்டோரிமூவ் ஒன்றும் எடுக்கவில்லை, அல்லது எல்லாவற்றையும் எடுக்கிறேன் என்கிறது

ஆட்டோரிமூவ் என்பது இனி யாருக்கும் வேண்டாத, தானாக வந்த பேக்கேஜ்களை நீக்கும் கட்டளை. ஒன்றும் எடுக்காததற்குக் காரணம்: ஏதோ ஒரு பேக்கேஜ் இன்னொன்றை சஜஸ்ட் செய்தால்கூட அதற்கு ஆள் இருக்கிறது என்று ஆப்ட் விட்டுவிடும். இதை மாற்ற முன்பு எழுதிய கோப்பிலேயே இன்னும் இரண்டு வரி:

ஆப்ட்::ஆட்டோரிமூவ்::ரெக்கமண்ட்ஸ்இம்பார்டன்ட் "ஃபால்ஸ்";
ஆப்ட்::ஆட்டோரிமூவ்::சஜஸ்ட்ஸ்இம்பார்டன்ட் "ஃபால்ஸ்";

இரண்டாவது வரி பெரும்பாலும் பாதுகாப்பானது. முதல் வரியைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஆட்டோரிமூவ் அடிப்பது வேறு கதை. இதுவரை ரெக்கமண்ட்ஸ் வழியாக வந்த எல்லாமே ஒரே மூச்சில் வெளியேறும், அதில் நெட்வொர்க்குக்கு வேண்டியதும் இருக்கலாம். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் மூலம் செய்யவே செய்யாதீர்கள். ஓசூரில் உட்கார்ந்து ஊத்தங்கரைக் கணினியில் ‘ஒய்’ அடித்தால், அடுத்த பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். முதலில் ‘ஆப்ட் -எஸ் ஆட்டோரிமூவ்’ ஓட்டிப் பட்டியலைப் படித்து, வேண்டியவற்றைக் கையால் நிறுவியதாகக் குறித்துவிடுங்கள்:

சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல் நெட்வொர்க்-மேனேஜர்

டெஸ்க்டாப்பில் ஒரு விளையாட்டையோ மெயில் செயலியையோ நீக்கப்போய் மெட்டாபேக்கேஜும் சேர்ந்து நீங்கினால், பின்னாலேயே ஆட்டோரிமூவ் பட்டியல் நீண்டுவிடலாம். அங்கேயும் இதே மேனுவல் குறிதான் காப்பு. பெரிய ஜினோமை நிறுவிவிட்டுச் சீவுவதைவிட முதலிலேயே ‘ஜினோம்-கோர்’ எடுத்திருக்கலாம், கேடிஇ-யில் ‘கேடிஇ-பிளாஸ்மா-டெஸ்க்டாப்’.

நீக்கிய பிறகும் இடம் திரும்பவில்லையா? இறக்கிய கோப்புகள் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸில் கிடக்கலாம். ‘சூடோ ஆப்ட் கிளீன்’.

அறிகுறி: எல்லாம் பூட்டியாயிற்று, இப்போது ஏதோ வேலை செய்யவில்லை

அதிகம் பேர் வந்து நிற்பது இங்கேதான். ரெக்கமண்ட்ஸை மொத்தமாக அணைப்பது அரிசியில் கல் பொறுக்குவது அல்ல, சல்லடையையே மாற்றுவது. நல்லதும் சேர்ந்து விழும். அணைத்த பிறகு ஆப்ட் ஒவ்வொரு முறையும் ‘ரெக்கமண்டட் பேக்கேஜஸ்’ என்று தான் விட்டுவிட்டவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும். அதைப் படியுங்கள். முடிந்தால் நகலெடுத்து ஒரு கோப்பில் வையுங்கள், நாளைக்கு எது உடைந்தாலும் விடை பெரும்பாலும் அதற்குள் இருக்கும்.

வழக்கமாக உடைபவை இவை.

டபிள்யூகெட் அல்லது கர்ல் எச்டிடிபிஎஸ் முகவரிக்குச் சான்றிதழ் பிழை தருகிறது: சிஏ-சர்டிஃபிகேட்ஸ் வரவில்லை. அதை நிறுவினால் தீர்ந்தது. ‘சான்றிதழைப் பார்க்காதே’ என்று ஆப்ஷன் போட்டு ஓட்டுவது தீர்வு அல்ல. அதை நிறுவியும் பிழை வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். மிகச் சிறிதாக நிறுவிய டெபியனில் நேரத்தைச் சரிசெய்யும் சிஸ்டம்டி-டைம்சின்க்டியும் ரெக்கமண்ட்ஸாகத்தான் வருகிறது. சிமாஸ் பேட்டரி செத்த பழைய கணினியில் அது இல்லையென்றால் மண்டி பில்லில் பழைய வருஷத்துத் தேதி அச்சாகும்.

கிட் வழியாக எஸ்எஸ்எச் முகவரி இழுக்க முடியவில்லை: ஓபன்எஸ்எஸ்எச்-கிளையன்ட்.

எக்ஸ்எஃப்சிஇ நிறுவியும் கறுப்புத் திரை மட்டும்: எக்ஸ்எஃப்சிஇ4 பேக்கேஜ் எக்ஸ்ஆர்க்கை ரெக்கமண்ட் மட்டும்தான் செய்கிறது. எக்ஸ்ஆர்க், லைட்டிஎம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். திரை வந்த பிறகு பென்டிரைவ் தானாகத் திறக்கவில்லையென்றால் ஜிவிஎஃப்எஸ், துனார்-வால்மேன்.

யுஎஸ்பி டாங்கிள் செருகினால் சிடி டிரைவாகத் தெரிகிறது: மோடம்மேனேஜர் கூப்பிட வேண்டிய யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் விட்டுப்போயிருக்கிறது. நெட்வொர்க் மேனேஜரில் ஹாட்ஸ்பாட் உருவாக்கினால் கைபேசிக்கு ஐபி கிடைக்காமல் சுற்றுகிறதா? டிஎன்எஸ்மாஸ்க்-பேஸ். மலைப்பக்கம் கொண்டுபோகும் கணினியில் இந்த இரண்டையும் இணைய இணைப்பு இருக்கும்போதே நிறுவிவிடுங்கள். இணையம் வருவதற்கான பேக்கேஜை இறக்கவே இணையம் வேண்டுமே.

வைஃபை பிரிண்டர் தானாகத் தெரியவில்லை: ஆவாஹி-டீமன்.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது: ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் அல்லது அதைவிடச் சிறிய ஃபான்ட்ஸ்-லோஹித்-தமில். தமிழ்99 தட்டச்சுக்கு இபஸ்-எம்17என். மெனுவெல்லாம் தமிழில் வேண்டுமென்றால் லிப்ரேஆபிஸுக்கு லிப்ரேஆபிஸ்-எல்10என்-டிஏ. எழுத்துரு பேக்கேஜின் பெயரில் தமிழ் என்பதை டி-ஏ-எம்-எல் என்று நான்கு எழுத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஐ சேர்த்துத் தேடினால் கிடைக்காது.

எங்கள் அபிப்பிராயம்: பலரும் பலவிதமாகப் பயன்படுத்தும் வீட்டு டெஸ்க்டாப்பில் கோப்பு எழுதிப் பூட்ட வேண்டாம், கட்டளைக்குக் கட்டளை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே வேலைக்கென்று வைத்த பில்லிங் கணினி, எடை மேடை, சர்வர், விர்ச்சுவல் மெஷின் ஆகியவற்றில் முதல் நாளே பூட்டுங்கள். ஒரு வருஷம் ஓடிய பிறகு பூட்டுவதில் லாபம் குறைவு, சிக்கல் அதிகம்.

புதிதாக நிறுவும்போதே நிறுத்த, டெபியன் இன்ஸ்டாலரின் பூட் வரியில் பேஸ்-இன்ஸ்டாலர்/இன்ஸ்டால்-ரெக்கமண்ட்ஸ்=ஃபால்ஸ் என்று சேர்க்கலாம். நிறுவி முடித்த கணினியிலும் அந்த அமைப்பு அப்படியே இருக்கும். டாஸ்க்செல் திரையில் டெஸ்க்டாப் டிக்குகளை எடுத்துவிடுங்கள். உபுண்டுவில் 18.04 முதல் ‘மினிமல்’ தேர்வு உண்டு.

ஃபெடோரா, ராக்கி, அல்மா

இங்கே பெயர் வீக் டிபெண்டன்சி. டிஎன்எஃப் காட்டும் அட்டவணையில் ‘இன்ஸ்டாலிங் வீக் டிபெண்டன்சிஸ்’ என்று தனித் தலைப்பே இருப்பதால் கண்டுபிடிப்பது சுலபம். ஒருமுறைக்கு:

சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் --செட்ஆப்ட்=இன்ஸ்டால்_வீக்_டெப்ஸ்=ஃபால்ஸ் பெயர்

நிரந்தரமாக /இடிசி/டிஎன்எஃப்/டிஎன்எஃப்.கான்ஃப் கோப்பில் [மெயின்] தலைப்பின் கீழ் அதே இன்ஸ்டால்_வீக்_டெப்ஸ்=ஃபால்ஸ். ஹைஃபன் அல்ல, அடிக்கோடு. ஒன்றை மட்டும் விலக்க எக்ஸ்க்ளூட்_ஃப்ரம்_வீக்= என்று பெயர் கொடுங்கள்; கட்டாயச் சார்பாக வேறெங்காவது தேவைப்பட்டால் அது வரும், பரிந்துரையாக வராது. எக்ஸ்க்ளூட்= போட்டால் எந்த வழியிலும் வராது, அதைச் சார்ந்தவையும் நின்றுவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. எது எதைக் கூப்பிடுகிறது என்பதற்கு ‘டிஎன்எஃப் ரெப்போகுவெரி --வாட்ரெக்கமண்ட்ஸ் பெயர்’.

ஓபன்சூசேயில் ஜிப்பருக்கு --நோ-ரெக்கமண்ட்ஸ்; நிரந்தரமாக /இடிசி/ஜிப்/ஜிப்.கான்ஃப் கோப்பில் சால்வர்.ஒன்லிரெக்வயர்ஸ் = ட்ரூ. அந்த வரி ஏற்கெனவே இருந்தால் முன்னால் உள்ள # குறியை எடுத்து, மதிப்பை ட்ரூ ஆக்க வேண்டும். நீக்கியது பேட்டர்ன் வழியாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தால் ‘ஜிப்பர் ஆட்லாக் பெயர்’. ஆர்ச்சில் விருப்பச் சார்புகளை பேக்மேன் பெயர் மட்டும் சொல்லும், இறக்காது. அங்கே கூட்டம் சேர்வது குரூப் வழியாகத்தான். எண் பட்டியல் காட்டிக் கேட்கும்போது வெறும் என்டர் தட்டினால் எல்லாமே வரும். ^3 என்று அடித்தால் மூன்றாவது மட்டும் விலகும்.

ஒரே அறையில் இருபது கணினி என்றால்

பென்னாகரத்திலோ பர்கூரிலோ ஒரு லேப் முழுக்க ஒரே பேக்கேஜ்களை நிறுவும்போது, ரெக்கமண்ட்ஸை நிறுத்தியும் ஒரே கோப்பு இருபது முறை இறங்கும். ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். அது 3142-ஆம் போர்ட்டில் நின்று, முதல்முறை இறங்கியதைச் சேமித்து மற்றவற்றுக்குக் கொடுக்கும். மற்ற கணினிகளில் ஆப்ட்.கான்ஃப்.டி அடைவில், சேமிக்கும் கணினியின் முகவரி 192.168.1.10 என்றால்:

அக்வயர்::எச்டிடிபி::ப்ராக்ஸி "எச்டிடிபி://192.168.1.10:3142";
அக்வயர்::எச்டிடிபிஎஸ்::ப்ராக்ஸி "டைரக்ட்";

இரண்டாவது வரியில் ‘டைரக்ட்’ என்பது முழுக்கப் பெரிய எழுத்தில். அது இல்லையென்றால் மோசில்லா போன்ற எச்டிடிபிஎஸ் களஞ்சியங்களும் இதே ப்ராக்ஸி வழியே போகப் பார்த்து அப்டேட்டில் பிழை காட்டும். 99நோரெக்கமண்ட்ஸ் கோப்பையும் இதையும் ஒரு கணினியில் சரிபார்த்துவிட்டு, எஸ்சிபி மூலம் மற்ற பத்தொன்பதுக்கும் அனுப்பி, ஒவ்வொன்றிலும் ஒருமுறை ஆப்ட்-கான்ஃபிக் டம்ப் ஓட்டிப் பாருங்கள்.